பசலி 1423

“என்ன மேடம் இது... பதினெட்டு, பதினொண்ணு, ஆயிரத்து நானூத்து இருபத்து மூணா?”

மேனேஜர் ஜெக்கரியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினார். மதுரை கே.கே. நகரில் நான்கு மாடி சர்வீஸ் அபார்ட்மென்ட் அது. அதை யாராவது ‘லாட்ஜ்’ என்று சொல்லிவிட்டால் போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “லாட்ஜுன்னா ரூம் மட்டும்தாங்க. நம்மகிட்ட ஹால், கிச்சன், ஃபிரிட்ஜ், துணி துவைக்கிற மெஷின்... உங்க வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கலாம்” என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் சாவியை நீட்டுவார். இன்று சாவி கையிலேயே நின்றுவிட்டது.

ஆனந்தவல்லி எட்டிப் பார்த்தாள். ஐயோ... ‘வந்த தேதி’ என்ற கட்டத்தில் அவளுடைய முத்து முத்தான கையெழுத்து. 18.11.1423.

கிராம நிர்வாக அலுவலராகி ஆறு வருடம் ஆயிற்று. காலையில் எழுந்தால் எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று சொல்லும் அடங்கல், சிட்டா, கிஸ்தி ரசீது... எல்லாவற்றிலும் பசலி ஆண்டுதான். ஜூலை முதல் தேதி பிறந்து அடுத்த ஜூன் முப்பதில் முடிகிற, வருவாய்த் துறைக்கே சொந்தமான வருடம். ஊர் உலகத்துக்கெல்லாம் 2013 நடக்க, அவள் பேனாவுக்கு மட்டும் 1423. பழக்க தோஷத்தில் ஓடிவிட்டது.

“ராஜாக்க காலத்துல கிளம்பி இப்பத்தான் மதுரைக்கு வந்து சேர்ந்தீங்களா மேடம்?” என்றார் ஜெக்கரியா.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்த ஆண் சிரிப்பு.

“ஐந்நூத்துத் தொண்ணூறைக் கூட்டிக்குங்க சார். சரியா வந்துடும்.”

ஆனந்தவல்லி வெடுக்கென்று திரும்பினாள். மழையில் தொப்பலாக நனைந்து ஒருவன் நின்றிருந்தான். வெயிலில் கறுத்த முகம். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கண்கள் மட்டும்... உதடு சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள். ஒரு விநாடி அதைப் பார்த்துவிட்டதற்காக அவளுக்குத் தன்மீதே கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் கொட்ட இடமும் கிடைத்தது. அவன் கையிலிருந்த குடை, அவளுடைய தகரப் பெட்டிமேல் தாராளமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

“ஹலோ! குடையை அந்தப் பக்கம் பிடிங்க. பெட்டி நனையுதுல்ல?”

“பெட்டிக்குள்ள என்னங்க, தங்கமா?”

“தங்கம்னா நனைஞ்சா துடைச்சுக்கலாம்.”

பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தலையாரி அல்லா பிச்சை, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியைத் துடைத்தார். கிராம உதவியாளராக வேறு ஊர்களில் முப்பது வருடம், இப்போதைய ஊருக்கு அவளைப் போலவே புதுசு. அதிகாரிகள் வருவார்கள், போவார்கள். இந்தப் பெட்டி அவர் பொறுப்பு. அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி எந்த ஊரு?”

“தஞ்சாவூர் பக்கம்.”

“நாங்களும் தஞ்சாவூர்...”

“பாய்!” என்று ஆனந்தவல்லி குறுக்கே வெட்டினாள். “கோர்ட் வேலையா வந்திருக்கோம். ஊர்ப்பேச்சு வேண்டாம்.”

“நல்லதுங்க” என்றான் அவன், கொஞ்சமும் அசராமல். “நானும் கோர்ட் வேலையாத்தான் வந்திருக்கேன். நீங்க ஊர் கேக்காதீங்க, நானும் கேக்கல. பேராவது சொல்லலாமா? நாகநாதன்.”

அவள் பேனாவை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். ஆனால் ரிஜிஸ்தரில் அடித்துத் திருத்தி 2013 என்று எழுதும்போது, பேர் எழுதிய வரியைக் கையால் மறைக்கவும் இல்லை...

அவர்களுக்கு 3-ஏ. எதிர்க் கதவு 3-பி. சாவி வாங்கி நாகநாதன் நுழைந்தது அங்கேதான்.

* * *

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருடம் தமிழ்நாட்டில் அது ஒரு செய்தியே இல்லை. ஆனால் ஏ வரிசை வீடுகளில் மின் அடுப்பு மட்டும்தான் என்பதை ஜெக்கரியா சொல்ல மறந்திருந்தார். குக்கருக்குள் அரிசி அரைவேக்காட்டில் நின்றது. அல்லா பிச்சை பசி தாங்காத மனிதர். பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு எழுந்து போய் 3-பி கதவைத் தட்டிவிட்டார்.

“தம்பி, உங்க பக்கம் கேஸ் அடுப்பாமே?”

“கொண்டாங்க பாய், இதுக்குப் போய்க் கேக்கணுமா?”

வேறு வழியில்லை. சூடான குக்கரைத் துணியில் பிடித்துக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஆனந்தவல்லி அந்த வீட்டுச் சமையலறைக்குள் போனாள். அங்கே அவன் சாம்பார் என்று ஒன்றை வைத்திருந்தான். அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

“என்ன... நல்லா இல்லையா?”

“இதுல பருப்பு இருக்கா?”

“போட்டேங்க. எங்க போச்சுன்னு நானும் தேடிக்கிட்டுதான் இருக்கேன்.”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. அவள் சிரித்ததும் அவன் கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றான். ‘இவ்வளவு நேரம் இந்தச் சிரிப்பை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தாங்க?’ என்று மனம் கேட்டது. வாய், நல்ல வேளை, கேட்கவில்லை.

புளியைக் கரைத்து அவள் சாம்பாரைக் காப்பாற்றினாள். ஜன்னல் கம்பியில் மழை தெறித்தது. ஊர் பெயர் சொல்லாமல் எவ்வளவோ பேச முடிந்தது. அவன் டிப்ளமா படித்தவன். அறுவடை மெஷினும் நடவு மெஷினும் வாங்கி, ஊர் ஊராக ஓட்டுகிறவன். இரண்டு மாதமாகக் குறுவை அறுப்புக்கு மன்னார்குடிப் பக்கமே கிடந்தானாம்.

“அங்க மீத்தேன் எடுக்கப்போறோம்னு அளவுக்கல் நட்டிருக்காங்க. ஒரு பெரியவர் மெஷினை நிறுத்தச் சொல்லி, ‘தம்பி, அடுத்த வருசம் அறுக்க இந்த வயல் இருக்குமா’ன்னு கேக்கிறாரு. நான் என்னத்தச் சொல்ல?”

“எங்க பக்கம் வாய்க்காலே இல்ல, கோரைதான் இருக்கு” என்றாள் அவள். “ரெண்டு கட்சியும் மாறி மாறி வந்தாச்சு. தூர் வாரின போர்டு மட்டும் வருசா வருசம் புதுசா இருக்கு.”

“கவர்மென்ட் ஆளு இப்படிப் பேசலாமா?”

“கரண்ட் இல்லாத நேரத்துல பேசலாம்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஹாலில் அல்லா பிச்சை தட்டோடு காத்திருந்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கரண்ட் வந்தபோது, இவ்வளவு சீக்கிரமா என்று ஆனந்தவல்லிக்குத் தோன்றியது. தோன்றியதை உடனே துடைத்துப் போட்டுவிட்டு, குக்கரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

* * *

மறுநாள் ஒத்தக்கடைப் பக்கம், உயர் நீதிமன்றக் கிளை. பெட்டியிலிருந்த பழைய அடங்கல் கட்டை அரசு வக்கீலிடம் காட்டிவிட்டு, ஆனந்தவல்லி கோர்ட் ஹாலில் பின்வரிசையில் நின்றாள். மூன்று வாரத்துக்கு முன்புதான் அவள் பூதலூர் தாலுகா பெரியமடைச்சேரிக்கு மாற்றலாகி வந்திருந்தாள். ஊரில் பாதிப் பேரைக்கூட இன்னும் பார்க்கவில்லை. இந்த வழக்கைப் பற்றிக் காகிதத்தில் படித்ததோடு சரி. கோவில் பூஜைச் செலவுக்கு எழுதிவைத்த கட்டளை நிலம் மூன்று ஏக்கர். குத்தகைக்காரர் வைரக்கண்ணுவை வெளியேறச் சொல்லிக் கட்டளைக்காரர்கள் உத்தரவு வாங்கிவிட்டார்கள். 1980 ஜனவரியிலேயே சாகுபடியில் இருந்த தன்னை வெளியேற்ற முடியாது என்று அதை எதிர்த்து வைரக்கண்ணுவின் மனு.

“வைரக்கண்ணு!” என்று பெயர் கூப்பிட்டார்கள்.

முன்வரிசையில் ஒரு வக்கீலோடு எழுந்து நின்றவன்... நாகநாதன்!

அவளுக்குத் திக்கென்றது. அதே நேரம் அரசு வக்கீல் அவளைக் கைகாட்டி, “விஏஓ ஆவணத்தோட வந்திருக்காங்க” என்றார். நாகநாதன் திரும்பினான். அந்தக் கண்களில் முதன்முதலாகச் சிரிப்பு இல்லாமல் போனதை அவள் பார்த்தாள். நேரமில்லை, நாளைக்கு என்றார் நீதிபதி.

சாயங்காலம் 3-ஏ கதவைத் தட்டினான். உள்ளே வரவில்லை.

“மேடம், நீங்கதான் எங்க ஊர் விஏஓன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அப்பா ‘புது விஏஓ அம்மா, விஏஓ அம்மா’ன்னு போன்ல சொல்லிச் சொல்லி, நான் ஐம்பது வயசு, கொண்டை, மூக்குக்கண்ணாடின்னு நெனச்சுட்டேன்.”

“தெரிஞ்சுதான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினீங்களோன்னு கோர்ட்ல ஒரு நிமிசம் நெனச்சேன்” என்றாள் அவள் நேராக.

அவன் முகம் சிவந்தது. “நிலத்துக்காக ஒரு பொண்ணுகிட்ட இளிக்கிறவன் நான் இல்லீங்க. நிலம் போனாலும் போகட்டும், உங்ககிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். உங்க பேருக்கு ஒரு சொல் வரக்கூடாது. ஜெக்கரியா சார்கிட்ட வேற மாடி கேட்டிருக்கேன். வர்றேங்க.”

ரோஷம்! தன் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிப் போகிறவனின் முதுகைப் பார்த்தபடி அவள் நின்றாள். ‘போங்க, போங்க... எனக்கென்ன?’ என்று கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகு கதவிலேயே சாய்ந்து நின்றாள். நேற்று ஒரே ஒரு நாள் பார்த்தவன். அதற்குள் நெஞ்சு இப்படி வலிப்பானேன்?

வேலையில் மனதைத் திருப்பலாம் என்று கோர்ட் கடிதத்தை எடுத்தாள். ‘1980 ஜனவரியில் மனுதாரர் சாகுபடியில் இருந்தாரா என்பதைக் காட்டும், பசலி 1390 அடங்கல்...’

நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி படித்தாள்.

1980 ஜனவரிக்கு எப்படி 1390 வரும்? ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கழிப்பது ஜூலைக்குப் பிறகுதான். ஜனவரி முதல் ஜூன்வரை ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று கழிக்க வேண்டும். 1980 ஜனவரி என்றால் பசலி 1389!

கட்டைப் பிரித்தாள். 1390-ஆம் பக்கத்தில் அந்த மூன்று ஏக்கருக்கு நேராக ‘தரிசு’ என்று இருந்தது. அந்த வருடம் மடை உடைந்து யாருமே பயிர் வைக்கவில்லை என்று ஓரத்தில் குறிப்பு. ஒரு பக்கம் முன்னால் புரட்டினாள். 1389. ‘சம்பா நெல். சாகுபடி செய்பவர்: வைரக்கண்ணு.’ நீல மை இன்னும் பளிச்சென்று இருந்தது.

மனுவோடு இருந்த, அவள் அதுவரை புரட்டாத வாக்குமூலத்தில், கணக்குப் போட்டு எண்ணைக் கொடுத்தவர் கையெழுத்தும் இருந்தது. வை. நாகநாதன். ‘ஐந்நூத்துத் தொண்ணூறைக் கூட்டிக்குங்க சார்...’ அட அரைகுறையே! கோர்ட் கேட்ட பக்கத்தை மட்டும் காட்டினால் நாளைக்கு அவன் அப்பா நிலம் போய்விடும். அவன் கையாலேயே போய்விடும்.

அல்லா பிச்சை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார். “கேட்டதைக் கொடுத்தா உங்க மேல குத்தமில்ல அம்மா. கேக்காததை எடுத்து நீட்டினா... நேத்து அவங்க அடுப்புல பொங்கிச் சாப்பிட்டோம்னு நாளைக்கு எவனாவது கெளப்பி விடுவான். கட்டளை ஆளு ஒருத்தன் இன்னிக்கு ஜெக்கரியாகிட்ட நம்மளப் பத்தி விசாரிச்சுட்டுப் போயிருக்கான். வேலைக்கே உலை வெச்சுடுவாங்க.”

“ரெக்கார்டுல இருக்கிறதைச் சொல்லாம விட்டா மட்டும் நான் விஏஓவா பாய்?”

“அப்ப தம்பிகிட்ட போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?”

“கூடாது. அவங்ககிட்ட ஒரு வார்த்தை போகக் கூடாது. காலையில அரசு வக்கீல்கிட்ட சொல்றேன். அடுப்பு விசயத்தையும் சேர்த்தே சொல்லிடுறேன்.”

* * *

புதன்கிழமை கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்து, கடிதத்தில் பசலி எண் பொருந்தவில்லை என்றார். நீதிபதி ஆனந்தவல்லியைப் பார்த்தார்.

“ஏம்மா, 1980 ஜனவரி எந்தப் பசலி?”

“ஆயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது ஐயா. ஜூலையில்தான் பசலி மாறும். ரெண்டு பக்கமும் ஒரே கட்டில் இருக்கிறது.”

கட்டு மேலே போனது. முன்வரிசையில் நாகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டான். தப்பு எங்கே என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. உடனே கட்டளை வக்கீல் துள்ளி எழுந்தார்.

“மை லார்ட், இந்த விஏஓவும் மனுதாரர் மகனும் ஒரே லாட்ஜில் எதிரெதிர் அறை. திங்கட்கிழமை ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் திடீர் கண்டுபிடிப்பை நம்ப முடியாது!”

கோர்ட் ஹால் அவளையே திரும்பிப் பார்த்தது. நாகநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனுடைய வக்கீல் கையைப் பிடித்து அமுக்கினார். ஆனந்தவல்லி நீதிபதியை நேராகப் பார்த்தாள்.

“உண்மைதான் ஐயா. அரசு வக்கீலிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். கரண்ட் போனது, எதிர் வீட்டு அடுப்பில் சோறு வைத்தேன். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, நான் யார் என்று அவருக்கும் தெரியாது. ஆனால் அந்த 1389-ஆம் பக்கம் எழுதியபோது நான் பிறக்கவே இல்லை ஐயா. நான் எங்கே சோறு வைத்தால் அந்த மை மாறிவிடும்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்து இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். வைரக்கண்ணு சாகுபடியில் இருந்தது ருசுவாகிறது. வெளியேற்றும் உத்தரவு ரத்து.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் நாகநாதன் அவள் முன் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

“மேடம்... நான்...”

“நன்றி மட்டும் சொல்லிடாதீங்க” என்றாள் படபடவென்று. “நன்றி சொன்னீங்கன்னா நான் உங்களுக்காகச் செஞ்சதா ஆயிடும். ரெக்கார்டுல இருந்தது, சொன்னேன். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

அந்தக் கேள்வியில் அவள் ஒரு கணம் தடுமாறினாள். மழைச் சாரல் முகத்தில் அடித்தது. அவன் கண்களைப் பார்த்தால் வாய் உண்மையைச் சொல்லிவிடும் போலிருந்தது.

“நான் உங்க ஊர் விஏஓ. அதுக்கு மேல பேச எனக்கு உரிமை இல்ல. உங்களுக்கும் இல்ல” என்று சொல்லிவிட்டு, மழையிலேயே இறங்கி நடந்தாள்.

* * *

இரண்டு மாதம் அவன் அவள் அலுவலகத்துக்குள் வரவே இல்லை. பயிர்க் கடனுக்கு அடங்கல் நகல் வேண்டுமென்றால் அப்பா வந்தார். சான்றிதழ் வாங்கவும் அப்பாதான் வந்தார். ‘உங்க பேருக்கு ஒரு சொல் வரக்கூடாது’ என்றவன், சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பாவி, இவ்வளவு நன்றாகவா காப்பாற்ற வேண்டும்? ரோட்டில் அறுவடை மெஷின் சத்தம் கேட்டால் அவள் பேனா நின்றது. மெஷின் போன பிறகு பேனா ஓடியது.

தை பிறந்து பத்தாம் நாள். வெயில் இதமாக விழுந்த காலையில் ஆனந்தவல்லி ஸ்கூட்டியை வாய்க்கால் பாலத்தில் நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கி நடந்தாள். அந்த மூன்று ஏக்கரில் பாதி அறுப்பு முடிந்திருந்தது. முதலில் பார்த்தவர் வைரக்கண்ணு. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“வாங்க விஏஓ அம்மா! சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே?”

“நான் இப்ப உங்க ஊர் விஏஓ இல்லீங்க. திருவையாறு பக்கம் மாத்தல் கேட்டிருந்தேன். நேத்து ஆர்டர் வந்துடுச்சு. காலையில சார்ஜையும் ஒப்படைச்சுட்டேன்.”

“அடடா... யாரும்மா தொந்தரவு கொடுத்தது? கட்டளை ஆளுங்களா? பேரைச் சொல்லுங்க!”

“யாரும் கொடுக்கலீங்க. நானாத்தான் கேட்டேன்.”

மெஷின் சத்தம் நின்றது. நாகநாதன் மேலேயிருந்து குதித்தான். முகமெல்லாம் வைக்கோல் தூசு. கிட்டே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெரியவர் மகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மோட்டார் கொட்டகையில் ஏதோ வேலை இருப்பது திடீரென்று அவருக்கு ஞாபகம் வந்தது.

“எதுக்குங்க மாத்தல் கேட்டீங்க?” என்றான் நாகநாதன். “இந்த ஊர் ஜனங்க உங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது. வாய்க்கால் தூர் வாரவே உங்களாலதான் மெஷின் வந்துச்சு. இதை விட்டுட்டு எதுக்கு...”

“இந்த ஊர் ரெக்கார்டு என் கையில இருக்கிற வரைக்கும் நீங்க என்கிட்ட பேச மாட்டீங்க. நானும் பேச முடியாது. உங்க நிலம், உங்க பட்டா, உங்க கடன்... எதுல நான் கையெழுத்துப் போட்டாலும் ஊர் ரெண்டு சொல்லும். அதான் ஒப்படைச்சுட்டேன்.” அவள் மூச்சு வாங்கினாள். இதுவரை வந்தாயிற்று, இனி என்ன வெட்கம்! “மதுரையில ‘அவ்வளவுதானா’ன்னு கேட்டீங்களே... அவ்வளவுதான் இல்ல.”

அவன் கண்கள் சிரிக்கத் தொடங்கின. உதட்டுக்கு வர நேரம் பிடித்தது.

“ரெண்டு மாசமா தினம் உங்க ஆபீஸ் வாசல் வழியா மெஷினை ஓட்டிக்கிட்டுப் போனேன். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வயலும் இல்ல... ஒரு வேலையும் இல்ல” என்றான்.

அவள் தலை குனிந்தாள். சிரிப்பு அடங்கவில்லை. காலடியில் அறுத்த ஈரத் தாள்கள் பாதத்தைக் குத்தின.

“அப்ப இனிமே இந்த ஊருக்கு நீங்க வரவே மாட்டீங்களா?” என்றான் அவன், தெரிந்துகொண்டே.

“விஏஓவா வரமாட்டேன்.”

“பின்ன எப்படி வருவீங்க?”

“அதை நீங்கதான் எங்க வீட்டுல வந்து கேக்கணும்” என்றாள் ஆனந்தவல்லி. “உங்கப்பாவை அனுப்பாதீங்க. நீங்க வாங்க.”